பாலத்து முனைக் கல்

ஸ்டோவெல் ஊரின் வரலாற்றை எழுதியவர் ஈனிட் லார்க்கம். வேறு யாரும் எழுத முன்வராததால் அவர் எழுதியதே வரலாறு என்று ஆகிவிட்டது. எட்டுக் கல்தூண்கள்மேல் நிற்கும் சந்தை மண்டபம், ஒரு பக்கம் சாய்ந்த தேவாலயக் கோபுரம், பாலத்து முனையில் குழி விழுந்து கிடக்கும் கொள்ளைநோய்க் கல், எல்லாமே அவருடைய சிறு புத்தகத்தில் உண்டு. ஊர்ப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர் வேறு. ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கல்லைப் பற்றி அவர் எழுதியது இதுதான். கொள்ளைநோய் வந்தபோது ஊரை அடைத்துவிட்டார்கள். வெளியூர் விவசாயிகள் ரொட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். ஊர்க்காரர்கள், காசில் நோய் ஒட்டாமலிருக்க, குழியிலிருந்த வினிகரில் அதைப் போட்டுவிட்டு ரொட்டியை எடுத்துப்போவார்கள். 1978இல் புத்தகம் வந்த கையோடு அதை ஒரு சடங்காகவும் அவரே ஆரம்பித்து வைத்தார். அக்டோபரின் முதல் சந்தை நாளில் மேயர் தொப்பியைக் கழற்றி வினிகரில் ஒரு காசு போடுவார். பன்றிப் பண்ணைக்காரர் வில்ஃப் கெட்ஜ் ரொட்டி வைப்பார்.

முப்பத்து மூன்று வருடம் கழித்து அங்கே பித்தளைத் தகடு பதிக்க ஏற்பாடானது. நானூறு வருடமாக நடந்துவரும் சடங்கு என்று அதில் பொறித்திருந்தார்கள்.

தகடு திறக்க நான்கு நாள் இருக்கும்போது, மூடப்பட்ட ஒரு கறிக்கடையிலிருந்து பழைய காகிதப் பெட்டி ஒன்று ஈனிட்டிடம் வந்தது. அதற்குள் கெட்ஜ் குடும்பத்து நாட்குறிப்பு ஒன்று, 1887ஆம் வருடத்தது. "சந்தைக்குப் போகும் பன்றிகளுக்காகப் பாலத்தருகே கல் தொட்டி வெட்டி வைத்தோம். ஆழம் போதவில்லை. மறுபடி வெட்டினோம்."

ஈனிட் அதை மூன்று முறை படித்தார். பிறகு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பேர் ஒரு பன்றித் தொட்டியில் போகப்போகிறது என்று பயந்தார். ஆனால் எத்தனை பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதியிருப்பார்! மறுநாளே டப்பாவைத் திறந்துவிட்டார்.

மேயர் ரூபர்ட் ஹெய்ஸிடம் போய்ச் சொன்னார். அவரும் பழைய மாணவர்தான். விழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பினார்.

சந்தை நாளான செவ்வாய்க்கிழமை தூறல். அறுபது பேர் குடையோடு வந்திருந்தார்கள். மேயர் துணியை விலக்கப் போகும்போது ஈனிட் முன்னால் வந்து நின்றார். குரல் நடுங்கியது.

"இது கொள்ளைநோய்க் கல் இல்ல. பன்னித் தொட்டி. நான் எழுதினது தப்பு."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. கக்கத்தில் ரொட்டியோடு நின்ற வில்ஃபைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"எங்க தாத்தாவோட அப்பா வெட்டினது, மிஸ். தெரியாம இருக்குமா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

வில்ஃப் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா சொல்லல?"

"வெளியூர்க்காரங்களக் கூட்டிட்டு வந்து அவ்வளவு சந்தோஷமாச் சொல்லுவீங்க. நடுவுல பூந்து பேசறது மரியாதையா இருக்காதே, மிஸ்."

ஈனிட்டுக்கு முதலில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிறகு கோபம் வந்தது. ஒரு ஊரே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது. மழையிலும் காற்றிலும் வருடம் தவறாமல் வந்து, பன்றித் தொட்டி முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள். அது யாருக்காக என்று புரிந்தபோது கோபம் வடிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தகட்டை என்ன செய்வது என்று மேயர் மெதுவாகக் கேட்டார்.

"கழட்டுங்க. தேதி தப்பு." வகுப்பில் பேசும் குரல் திரும்ப வந்திருந்தது. "1978ன்னு போட்டுக் கொண்டு வாங்க. வில்ஃப், ரொட்டி நனையுது பாரு. வை."

வில்ஃப் ரொட்டியை வைத்தார். ஈனிட் வினிகர் பாட்டிலைத் திறந்து குழியில் ஊற்றினார். மேயர் தொப்பியைக் கழற்றினார்.