ஆன்சல் தேர்ந்தெடுத்த படங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், லைல். நான்கு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் கொரின். பக்கத்து வீட்டு வெர்னா, முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொரின் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் அறுக்கும் ஆன்சல். கஸ் என்கிற கிழட்டு நாய். ஆன்சல் வந்ததில் எனக்கு மட்டும்தான் சந்தோஷம் இல்லை. நாய்கூட வாலை ஆட்டியது.

ஞாயிறு இரண்டு மணிப் படம் என் ஏற்பாடு. எங்கள் ஏரிக்கரை ஊரான டலூத்தில் பிப்ரவரி மாதம் வேறு என்ன செய்ய முடியும்? ஏரி கண்ணுக்கெட்டியவரை உறைந்து கிடக்கும். ஆளுக்கு ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படம் பார்க்க வேண்டியதுதான். எந்தப் படம் என்பதில் அடிதடி வராமல் இருக்க நான் சில விதிகள் வைத்திருந்தேன். காலி காப்பித்தூள் டப்பாவில் துண்டுச் சீட்டுகள்: பேய், துப்பறிதல், காதல், கௌபாய், போர், சிரிப்பு, கார்ட்டூன், ஆவணப்படம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வந்த வகையில் ஆளுக்கு ஒரு படம் முன்மொழிய வேண்டும். படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. மூன்றே வாக்கியங்கள். சொல்பவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்திருக்கக்கூடாது, பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், படம் விழுந்துவிடும். பிறகு ஓட்டு. ஆளுக்கு ஒரு சோள மணி, அடுத்தவர் கோப்பையில்தான் போட வேண்டும்.

மூன்று வருடம் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். ஜெயிக்காமல் என்ன? சினிமா படிக்கத்தான் கல்லூரிக்குப் போனேன். மூன்றாவது பருவத்தோடு விட்டுவிட்டு உறைபனிக் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். பத்து வருடமாகப் பட்டாணி மூட்டை அடுக்குகிறேன். படம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

டிசம்பர் கடைசியில் கொரின் ஆன்சலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "தனியா இருக்கான், பாவம்" என்றாள். ஒல்லியான ஆள், மெல்லிய குரல். வந்த முதல் வாரமே ஜெயித்தான். பேய்ப் படம். அதில் பேய்தான் அந்த வீட்டைக் கண்டு பயப்படும். அடுத்து ஒரு காதல் படம், கடைசி வரைக்கும் இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் வராத படம். அதற்கடுத்து உப்பளத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம். ஐந்து வாரம் தொடர்ந்து அவனே. ஒவ்வொன்றும் நல்ல படம். அதுதான் பொறுக்கவில்லை. குப்பையாக இருந்திருந்தால் அவனோடு சிநேகமாகியிருப்பேன்.

அவன் ஜெயித்தபோதெல்லாம் கொரினின் முகம் மலரும். நான் ஜெயித்தபோது அப்படி மலர்ந்ததாக நினைவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் அவனுடைய கார் நிற்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் உணவு இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து தெருமுனையிலிருந்து பார்த்தேன். கார் இல்லை. கூடத்தில் டிவி வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வாசலில் கார் இல்லாததால் நிம்மதி வரவில்லை, பேருந்தில் வந்திருப்பான் என்று தோன்றியது.

அந்த ஞாயிறு வெர்னா சீட்டு எடுத்தார். கௌபாய்.

"அப்பாடா, குதிரை வருது" என்றார் வெர்னா. அவர் கொண்டுவந்த ஹாட்டிஷ் மேசைமேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, கொத்துக்கறியும் மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு உருண்டைகளுமாக. "ஏம்ப்பா லைல், நீ முன்னாடி ஒண்ணு போட்டியே, அதுல ஒருத்தன் படம் பூரா கூரை ரிப்பேர் பண்ணினான். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிச்சேன், இன்னும் பாதிக் கூரை பாக்கி."

"அது காலத்தைப் பத்தின படம், வெர்னா."

"என் காலத்தை எடுத்துக்கிச்சு, அது வாஸ்தவம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்சல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்படிச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

நான் ஒரு படம் சொன்னேன். நல்ல மூன்று வாக்கியங்கள், வாரம் முழுக்க யோசித்தவை. வெர்னா எப்போதும் சொல்கிற கொள்ளைக்காரன் படத்தையே மறுபடியும் சொன்னார். கொரின் ஏனோதானோ என்று எதையோ சொன்னாள். அதில் வாக்கியம் இரண்டுதான் இருந்தது. பிறகு ஆன்சல்.

"ஒரு நீதிபதி ஒரு சாட்சிப் பொண்ணை முந்நூறு மைல் வண்டியில கூட்டிட்டுப் போறார். அவ சாட்சி சொல்லப் போறது அவருக்கு எதிராத்தான். அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது."

"பார்த்தவங்க யாராவது?" என்று கேட்டேன். கேட்பது என் வேலை. வெர்னா தலையாட்டினார், இல்லை என்று. கொரினும்.

மணிகள் விழுந்தன. ஆன்சலுக்கு இரண்டு. நான் வழக்கம்போல வெர்னாவுக்குப் போட்டு வீணடித்தேன். ஆன்சல் தன் மணியை எனக்குப் போட்டிருந்தான். அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டியிருக்கவில்லை. கொரினின் கோப்பை காலி.

படம் ஆரம்பித்தது. கஸ் கொரினின் மடியில் தலை வைத்துப் படுத்தது. பட்டாசுச் சத்தம், இடிச் சத்தம் எதுவும் அதற்கு ஆகாது. வெடித்தால் நடுங்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும். பத்தாவது நிமிடம். ஆற்றங்கரையில் நீதிபதியும் பெண்ணும் தகரத் தட்டில் வேகவைத்த அவரைப்பயறு சாப்பிடுகிறார்கள். பேச்சில்லை, இசையில்லை. திடீரென்று துப்பாக்கி வெடித்தது. வெர்னா "கர்த்தரே!" என்று துள்ளினார். கஸ் அசையவில்லை. அதன் காதுகளைக் கொரின் இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள்.

வெடித்த பிறகு பொத்தினாளா, வெடிப்பதற்கு முன்னாலா? முன்னால்தான் என்று பட்டது. தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, தேவாலயக் காட்சி. ஒரு கிழவர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். கொரினின் உள்ளங்கைகள் நாயின் காதுமேல் போய் உட்கார்ந்தன. வெடித்தது.

அதன்பின் நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து அவை எழுந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் வெடித்தது.

படத்தை நிறுத்தினேன்.

"என்னப்பா, பாத்ரூமா?" என்றார் வெர்னா.

"கொரின், நீ இதைப் பார்த்திருக்கே."

அவள் கை இன்னும் நாயின் காதுமேல்தான் இருந்தது. கீழே குனிந்து தன் கையையே பார்த்தாள். பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை.

"ஆமா."

"எங்கே? அவன் வீட்டுலயா?"

"லைல்" என்றான் ஆன்சல்.

"நீ பேசாதடா. உன் மூணு வாக்கியம் முடிஞ்சுது."

"இங்கதான்" என்றாள் கொரின். "இதே சோபாவுல. நீ வேலைக்குப் போனப்புறம்."

"அவன்கூட."

"கஸ்கூட. அது முதல் வெடிக்கே சோபாவுக்கு அடியில போயிடுச்சு, விடியற வரைக்கும் வெளிய வரல. அதான் இன்னைக்குப் பொத்தினேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே நிதானமாக, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பேய்ப் படம் அவள் கண்டுபிடித்தது. காதல் படம், உப்பளம், எல்லாமே அவள். இரவில் தனியாகத் தேடித் தேடிப் பார்ப்பாள். பிடித்ததை மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஆன்சலிடம் சொல்வாள். அவன் தன் வீட்டில் முழுதாகப் பார்த்துவிட்டு வருவான். மூன்று வாக்கியங்களையும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள்.

"விதியை மீறிட்டே. பார்த்ததைப் பார்க்கலன்னு சொன்னே" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

"மீறினேன். ஆறு தடவை."

"ஏன் நீயே சொல்லல?"

"சொன்னேனே! மூணு வருஷம் சொன்னேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீ சிரிப்பே. ஒரே ஒரு தடவை ஜெயிச்சேன், ஞாபகமிருக்கா? வெர்னாவும் அவங்க தங்கச்சியும் ஓட்டுப் போட்டாங்க. இருபதாவது நிமிஷம் படத்தை நிறுத்திட்டு, கேமராவை எங்க வெச்சிருக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்தே. அதுக்கப்புறம் யாருக்கும் அதை முடிக்கணும்னு தோணல."

"எனக்கு ஞாபகமிருக்கு" என்றார் வெர்னா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "அது நல்லாத்தான் போயிட்டிருந்தது."

"நான் தேர்ந்தெடுத்த படமே இவன் வாயால வந்தா நீ மூச்சு விடாம பார்க்கறே" என்றாள் கொரின். "உப்பளம் பார்த்த அன்னைக்கு நீ தூங்கல. கட்டில்ல புரண்டுட்டே இருந்தே. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

அது உண்மை. அன்று தூங்கவில்லை. இந்தக் கண்ணாடி அறுக்கிறவனுக்கு இப்படி ஒரு கண் எப்படி வாய்த்தது என்று புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒருவனுக்கு நிம்மதி வர வேண்டும். அவளுக்கும் அவனுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதி வரவில்லை. ஆன்சல்மேல் இருந்த பொறாமை ஒரு நொடி ஆள் இல்லாமல் நின்றது, பிறகு அப்படியே இடம் மாறி அவள்மேல் உட்கார்ந்தது. முன்பைவிடக் கனமாக. கல்லூரிப் பக்கமே போகாதவள். நாளெல்லாம் கண் பரிசோதனைக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவள். நான் பத்து வருடம் கிடங்கில் உறைந்துகொண்டிருக்க, இவள் சோபாவில் உட்கார்ந்து என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள். அவளுக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன் என்றுகூடத் தோன்றியது.

"சரி, லைல்" என்றாள் கொரின். "நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. இது என் படம்னு இப்ப உனக்குத் தெரியும். இப்போ சொல்லு. எப்படி இருக்கு?"

திரையில் நீதிபதி கையில் கடிவாளத்தோடு உறைந்து நின்றார். நான் பார்த்த கௌபாய் படங்களில் அதுதான் சிறந்தது. பாதிப் படத்தில் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தும் அது எனக்குத் தெரிந்தது.

"சுமார்தான்" என்றேன். "நடுவுல தொய்வு."

கொரின் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"வெர்னா, உங்க டிவியில இது வருமா?"

"எல்லாம் வரும்மா. அந்த ஹாட்டிஷை எடுத்துக்கோ. பொண்ணு கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளான்னு தெரியாம எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

மூவரும் பூட்ஸ் மாட்டினார்கள். ஆன்சல் ஹாட்டிஷை எடுத்துக்கொண்டான். கொரின் நாயைத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பனியில் நடந்தால் பாதம் வெடிக்கும்.

நான் காலுறையோடு படியில் இறங்கினேன். ஈரம் உடனே ஏறியது. வெர்னாவும் ஆன்சலும் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார்கள். கொரின் அந்த வாசலில் திரும்பினாள். நாயின் தலை அவள் தோளில் இருந்தது.

"சொல்லு" என்றாள். "இன்னும் நேரமிருக்கு. வா, உக்காந்து முடிச்சுட்டுச் சொல்லு."

வாயைத் திறந்தேன். நல்ல படம் என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும்.

"உண்மையைச் சொல்லு" என்றேன். "அவன் எத்தனை தடவை நம்ம வீட்டுக்கு வந்தான்?"

அவள் நாயை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நாயோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, அதன்மேல் பூட்டும் திரும்பியது.