பெரியவள் நகம் பட்ட இடம்

பெரியவள் செய்தது தப்புதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அவளுக்கே இல்லை. ஆனால் எதனால் செய்தாள் என்று கேட்டால், மாமனார் படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஒன்பது வருஷமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றி எல்லாம் செய்தவள் அவள். "நல்லா பாத்துக்கிட்டே" என்று வாய் வார்த்தைக்குக்கூட ஒருத்தரும் சொன்னதில்லை, கட்டின புருஷன் உட்பட. மூத்த மருமகள் செய்யாமல் வேறு யார் செய்வார்களாம்? மாமனார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. ஆகவே ஓரகத்தியாக வந்த சின்னவள் மாமனாரைக் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது.

சின்னவள் நல்ல பெண். அதுதான் பிரச்சினையே. கொஞ்சம் வாய்த்துடுக்காவது இருந்திருந்தால் சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். "வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்கக்கா, வாங்க போலாம்" என்று இழுத்துக்கொண்டு போய், நூலகத்து மாடியில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டவளும் அவளேதான்.

அன்றைக்கு ஃபோம் அட்டையில் அச்சு எடுக்கும் பாடம். மழுங்கின பென்சிலால் அழுத்தி வரைந்தால் மெத்தென்ற அட்டையில் கோடு பள்ளமாக விழும். அதன்மேல் ரோலரால் மை உருட்டி, காகிதத்தை வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்து உரித்தால், பள்ளமெல்லாம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வரும்.

"மோதிரம், வளையல் எல்லாம் கழட்டி வைங்க. நகம் பட்டாக்கூட பதிஞ்சிடும். ரப்பர் வச்சு அழிக்கிற கதையெல்லாம் இங்க நடக்காது" என்றாள் டீச்சர்.

இரண்டு பேரும் மாமனாரைத்தான் வரைந்தார்கள். கூடத்தில் மாட்ட அவருடைய நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்தது ஏதோ பழைய அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. அதைப் பெரிதாக்கி ஆளுக்கொரு நகல் எடுத்து வந்திருந்தார்கள். யோசனை சின்னவளுடையது. அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், அவள் நகலைக் கைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்க்காத முகமா, கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவேனே என்று நினைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டாள் போலிருக்கிறது. மூக்கு ஒரு திசை, வாய் ஒரு திசை.

"யாரும்மா இது, உங்க வீட்டு வாட்ச்மேனா?" என்றார் பக்கத்து மேஜையில் இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பெரியவளும் சிரித்து வைத்தாள்.

சின்னவளின் அட்டையிலோ மனுஷர் அப்படியே இருந்தார். அந்த ஏறின நெற்றி, அந்தப் பிடிவாதம் பிடித்த உதடு. கஞ்சியை எடுத்துக்கொண்டு போனால் "அப்புறம்" என்று சொல்லுமே, அதே உதடு.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பாளா இவள்? நான் தொட்டுத் துடைத்த முகம் எனக்கு வரவில்லை, போட்டோவில் பார்த்தவளுக்கு வந்துவிட்டது. நாளைக்குக் கூடத்தில் இதுதான் தொங்கப்போகிறது, வருகிறவன் போகிறவனெல்லாம் சின்ன மருமகளுக்கு எவ்வளவு பாசம் என்று சொல்லப்போகிறான்.

சின்னவள் கை கழுவப் போன நேரம். பெரியவளின் கட்டைவிரல் நகம், சின்னவளின் அட்டையில் ஒரு கண்ணுக்குக் கீழே, ஒரே அழுத்து. அரிசி அளவுதான் இருக்கும்.

அடுத்த நொடியே, அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பள்ளம் போவேனா என்றது.

சின்னவள் வந்தாள், கவனிக்கவில்லை. மை உருட்டி, ஸ்பூனால் தேய்த்து, காகிதத்தை மெதுவாக உரித்தாள். கறுத்த முகத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கீற்று.

"கெடுத்துட்டேன்க்கா. என் நகம்தான் எங்கயோ பட்டிருக்கு" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவால்ல விடு" என்றாள் பெரியவள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, நகத்தால் செய்ததைவிட அதுதான் கேவலம் என்று.

வீட்டுக்கு வந்து படத்தைக் கூடத்து மேஜையில் காயப் போட்டார்கள். வேலையிலிருந்து வந்த பெரியவளின் புருஷன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்பா செத்த அன்றைக்குக்கூடக் கல் மாதிரி நின்றவன் அவன். இப்போது தோள் குலுங்கியது.

"அப்பாவுக்கு இந்தக் கண்ணுல எப்பவும் தண்ணி கோத்து நிக்கும். படுத்ததுக்கு அப்புறம் வந்தது, போட்டோல இருக்காது. நீ அவரைப் பாத்ததே இல்லையேம்மா. எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று சின்னவளைக் கேட்டான்.

 அந்தத் தண்ணியைத் துணி நுனியால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒற்றி எடுத்தவள் பெரியவள்தானே. நகத்தை வைத்தபோது அது அவள் நினைப்பில் எள்ளளவும் இல்லை.

"நான் போடலை அத்தான்" என்ற சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நான் கை கழுவப் போனப்ப அக்கா போட்டிருக்காங்க. புரியாம நான்தான் கெட்டுப்போச்சுன்னு அழுதேன்."

அவன் திரும்பிப் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். "உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்? ஒன்பது வருஷம் நீதானே பாத்துக்கிட்டே. ஒரு நாள்கூட நான் வாயத் தொறந்து சொன்னதில்ல."

எந்த வார்த்தைக்குக் காத்துக் கிடந்தாளோ அது வந்துவிட்டது. வந்தது வேறு யாருக்கோ என்பது போல இருந்தது. ஆனாலும் அவள் தலை ஆமாம் என்று ஆடியது.

சின்னவள் சமையலறையில் மை பட்ட ஸ்பூனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பின்னாலேயே போனாள்.

"கெடுக்கணும்னுதான் அழுத்தினேன். அந்தக் கண்ணெல்லாம் எனக்கு ஞாபகமே வரல. உன் படம் நல்லா வந்துச்சு, எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான். இரு, அவர்கிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன்."

சின்னவள் குழாயை மூடினாள்.

"அத்தான்கிட்ட வேணாம்க்கா. அவர் இப்பதான் அப்பாவுக்காக அழறார்."

"என்னை மன்னிச்சுடுடி."

"சரிக்கா" என்றாள் சின்னவள், முகத்தைப் பார்க்காமல். ஸ்பூனைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். கையையும் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் சேர்ந்தே போலாம்க்கா. ஆனா, நான் வேற மேஜையில உக்காந்துக்கறேன்."