ஒட்டுப் பிடிக்காத படலம்

1

இந்தக் கதை ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தது. தோட்டத்தில் அதற்கு ஒரு பொருள். ஈப்போவில் நான் பெட்டி தூக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேறு பொருள். ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டினேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: சுண்ணாம்பு மலை உச்சியில் மேகம் வந்து...

வேண்டாம். மலை இதில் ஒன்றும் செய்யவில்லை.

2

இருளாயி என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டு கட்டியவள். இப்போது, வெளியே கதிர்வீச்சுக்குப் போய், கதிர் பட்டு வரும் பிளாஸ்டிக் படலச் சுருள்களை இறக்குகிறாள். காற்றில்லாமல் மூடிய பைகளில், ஐஸ் பெட்டியில் வரும்.

“என்னா தம்பி, மீன் மாதிரி ஐஸ்ல வருது?” என்று சூப்பர்வைசர் கால்வினைக் கேட்டாள்.

“கதிர் பட்டா பிளாஸ்டிக்ல கண்ணுக்குத் தெரியாத காயம் விழும் அக்கா. மருந்துத் தண்ணியில போட்டா அந்தக் காயத்துல வேற ஒண்ணு முளைக்கும். அழுக்குத் தண்ணியில உள்ள ஈயத்த அது புடிச்சுக்கும். நீங்க கட்டுன ஒட்டு மாதிரிதான் லா.”

“அப்ப பாலும் வடியுமா?”

“வடிஞ்சா மொத வாளி உங்களுக்குத்தான்.”

(ஒன்றைக் கால்வின் சொல்லவில்லை. காற்றுப் பட்டால் அந்தக் காயம் ஆறிவிடும். பிறகு எதுவும் முளைக்காது.)

3

ரப்பர்க் கன்றில் ஒட்டு கட்டி மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்து, நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. ஒரு கன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடும் வழக்கம் கிடையாது. இருளாயிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு பைகளின் மூலையையும் வெட்டிப் பார்த்து, சூடு வைத்து மறுபடி மூடினேன்.

(தவறு. மூடினாள். “யாரு செஞ்சாங்கன்னு வினையோட வால் சொல்லிடும் அண்ணே. வால வெட்டுனா வெறும் கட்டளைதான் மிஞ்சும்” என்பார் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு புனிதா டீச்சர்.)

4

பன்னிரண்டு சுருளிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

கதிருக்கு அனுப்புமுன் பைகளை மூடியவள் சாந்தினி. வேலைக்கு வந்து இரண்டு மாதம். அவள் மூடியது சரியில்லை என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடாமல், “ரெண்டு தடவ அழுத்திப் பாத்துதானே மூடுனேன் அங்கிள், நீங்களும் பாத்தீங்கதானே” என்று...

(இந்தக் கதையில் அங்கிள் யாரும் இல்லை. ‘ஆன்டி’ என்று மாற்ற வேண்டும்.)

5

முடிவு ஒன்று: இயந்திரக் கோளாறு என்று தெரிகிறது, சாந்தினி தப்பிக்கிறாள். பொய். இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது.

முடிவு இரண்டு: இருளாயி ஒத்துக்கொள்கிறாள். அவளுக்கென்ன, காகிதத்தில் இருப்பவள். அவளை யார் வேலையை விட்டு நிறுத்துவது?

நாளை வெள்ளிக்கிழமை. கடைசி வரியை எழுதிவிட்டேன். வாலை மட்டும் வைக்க முடியவில்லை. படிக்கிறவர் வையுங்கள்:

காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கதவைத் தட்டி, கால்வினிடம், “பையத் தொறந்தது நான்தான்” என்று சொல்