ஏழு மாதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

1

இந்தக் கதை வங்கிக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து வந்தது. எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவர் என் தங்கையின் கணவர். அதில் ஒரு பொய் இருந்தது. பின்னால் வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத வீட்டின் ஜன்னல் வழியே...’

வேண்டாம். அழகாக எழுதப் போய்த்தான் இவ்வளவு வினை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். தங்கை நர்ஸ். அவளுக்கு வேறு மாநிலத்தில் நல்ல வேலை கிடைத்தது. அங்கே புதிதாகக் கட்டப்போகும் குடியிருப்பில் ஒரு வீடு பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், வரைபடத்தில். இடத்தில் நான்கு முளைக்குச்சிகளும் ஒரு எண் பலகையும்தான் இருக்கின்றன. தங்கை போன மாதம் அங்கே போய், சமையலறை வரப்போகிற இடத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். இவர்களுக்குக் கடன் தருவோம் என்று வங்கி முன் ஒப்புதல் கடிதம் கொடுத்தால்தான், பில்டர் அந்த மனையை வேறு ஆளுக்குத் தள்ளிவிடாமல் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை கெடு.

வங்கி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டது. பிறகு ஆறு மாதத்துக்குக் கேட்டது. அந்த மாநிலத்திலும் மாப்பிள்ளைக்கு வேலை உண்டு என்று கம்பெனியின் கடிதம் கேட்டது. கொடுத்தால் முத்திரை தெளிவாக இல்லை. முத்திரை தெளிந்து வருவதற்குள் முதலில் கொடுத்தவை காலாவதியாகிவிட்டன. (இந்தப் பத்தியை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். படிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது, குறைத்துவிட்டேன். அவர்களால் அப்படிக் குறைக்க முடியவில்லை.)

கடைசியாக வந்த கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் ஏழு மாதம் உங்களுக்குச் சம்பளமே வரவில்லை. ஏன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரவும்.

3

“நீங்கதான் எழுதுறவராச்சே மச்சான். நாலு வரி எழுதிக் குடுங்க,” என்றார் மாப்பிள்ளை.

“என்னன்னு எழுத?”

“எதையாவது எழுதுங்க. அதை மட்டும் வேண்டாம்.”

அது என்னவென்றால், கூட வேலை பார்த்த நண்பர் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோனார். அப்போது மேலே நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் எந்த லிஃப்டிலும் கால் வைக்கவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். (இங்கே ‘அழுதார்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை.) பிறகு ஒருநாள் வேலைக்குப் போனார். இன்றும் போகிறார்.

நான் எழுதினேன்: ‘நோயுற்றிருந்த என் தந்தையை அருகிலிருந்து கவனித்துக்கொள்ள...’ அப்பாவின் கையைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்ததாக ஒரு வரியும் சேர்த்தேன். எனக்கே கண் கலங்கியது. மாப்பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

4

புதன்கிழமை கடன் அதிகாரி போன் செய்தார். குரலில் மரியாதை குறையாத பெண்மணி. மாப்பிள்ளை ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் இருந்தார், கையெல்லாம் கிரீஸ்.

“சார், அப்பாவைக் கவனிச்சுக்கிட்டதா எழுதியிருக்கீங்க.”

“அப்பாவையா?”

“முன்பணத்துக்காக உங்க அப்பாவோட கடையை நீங்க வித்ததா பத்திரம் குடுத்தீங்களே, அதோட அவர் இறப்புச் சான்றிதழும் இருக்கு. அவர் காலமாகி பதினொரு வருஷம் ஆச்சு சார்.”

மாப்பிள்ளை கிரீஸ் கையோடு போனை மறு காதுக்கு மாற்றினார்.

“இதை நான் இன்னும் மேல அனுப்பல. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேற கடிதம் குடுங்க. அதுவும் சரியில்லன்னா ஃபைலை மூடிடுவாங்க.”

5

“கதை விட உனக்கு வேற இடமே கிடைக்கலையாண்ணா?” என்று தங்கை கத்தினாள். “அவருக்கு அப்பா இல்லைன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அடக்கத்துக்கே போயிருந்தேன். எழுதும்போது நினைவு வரவில்லை. அந்த வரி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வேணும்னா கை முறிஞ்சதா எழுதிடலாம் மாப்பிள்ளை,” என்று ஆரம்பித்தேன்.

“எங்கப்பாவை நீங்க ரெண்டாவது தடவை சாகடிச்சது போதும் மச்சான். பேனாவைக் குடுங்க.”

ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு நோட்டு தொங்கும். வேலை முடிந்ததும் மெக்கானிக் அதில் நான்கே வரி எழுதுவார். மாப்பிள்ளைக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.

பழுது: ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை.
காரணம்: கூட இருந்தவர் குழியில் விழுந்து இறந்தார். விளக்குப் பிடித்தது நான். பயம்.
சரிசெய்தது: மனைவி தினமும் கூட வந்து லிஃப்டில் ஏறினாள். முதல் நாள் ஒரு மாடி.
சோதனை ஓட்டம்: தினமும்.

தங்கை படித்துவிட்டு, “பயம்னு எழுதணுமா? இதைப் பார்த்துட்டு, இந்த ஆளை நம்பி எப்படிக் கடன் குடுக்கிறதுன்னு யோசிச்சா?” என்றாள்.

“யோசிக்கட்டும்.”

6

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் முளைக்குச்சிகள் சுவராகின்றன. இன்னொன்றில், தங்கை நின்ற இடத்தில் வேறு யாரோ நின்று போட்டோ எடுக்கிறார்கள். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை விஷயத்தில் இனி நான் எதையும் இட்டுக்கட்டுவதாக இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்கால். மத்தியானமே கடிதத்தைக் கொடுத்தாயிற்று. மேசைமேல் இருக்கும் போனைப் பார்த்தபடி மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கடிதங்களும் உங்கள் முன்னால் இருக்கின்றன. நன்றாக எழுதப்பட்டது என்னுடையதுதான்.