தண்ணீருக்கு ஓர் எழுத்து

“இன்னும் ஒரு கொடம் எடுத்துகினு வாம்மா,” என்று குரல் கொடுத்தாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் அமிர்தம்.

இளவேனில் கொல்லைக் குழாயைத் திறந்தாள். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குடம் குடமாகக் கொட்டியும் போதவில்லை.

சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளும் பம்புகளோடு காலம் தள்ளியவர் மருதாசலம். சிறுநீரகம் கெட்ட பிறகு அவருக்கே மடக்கு மடக்காக அளந்துதான் தண்ணீர் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அளந்து கொடுக்கவே சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள் மகள்.

நேற்று மாலை மறுபடி தண்ணீர் கேட்டார். அவர் மனதைத் திருப்ப, இளவேனில் தன் வேலையைக் காட்டினாள். ஈராக் பக்கம் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதிய ஆப்பெழுத்துகள். கம்ப்யூட்டர்களுக்கான யூனிகோடு என்ற எழுத்துப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால் திரையில் தெரிய வேண்டிய உருவத்தை வரைவது அவள் வேலை. போனில் அந்த உருவங்கள் இல்லாததால் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. லேப்டாப்பைத் திறந்தாள்.

“இத இப்ப யாரு கண்ணு படிப்பாங்க?”

“கொஞ்சம் பேரு இருக்காங்கப்பா. நம்பரும் உருவமும் இல்லாட்டி அவங்களால கம்ப்யூட்டர்ல இத எழுதவே முடியாது.”

“தண்ணிக்கு எது?”

மூன்று ஆணிகளை நிறுத்தி வைத்தாற்போன்ற எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார். உலர்ந்த உதட்டில் சிரிப்பு வந்தது.

“குடிக்கத்தான் தர மாட்டீங்கற. இதையாச்சும் பாத்துக்கறேன்.”

அவளும் சிரித்தாள். தரவில்லை.

இன்று காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

குடம் நிரம்பி வழிந்தது. அம்மா கமலா வந்து குழாயை மூடினாள். அமிர்தம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள்.

“நீ குளிக்கப் போனப்ப கேட்டாரு,” என்றாள், குழாயைப் பார்த்தபடியே. “சொம்பு நெறையக் குடுத்தேன். வச்ச வாய் எடுக்காம குடிச்சாரு.”

இளவேனில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“போதுமான்னேன். போதும்னாரு.”

அம்மாவின் சேலைக் கரை நனைந்து மண் ஒட்டியிருந்தது. இளவேனில் குனிந்து அதைப் பிழிந்துவிட்டாள். வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடித்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.