இலையும் பூவும் ஒரே பலகையில்

1

என் கணவர் எழுதிய செடிப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அச்சுக்காரர் கேட்டிருந்தார். "வோல்ஃபர்ட் செடிகளுக்காகவே பிறந்தவர்" என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். நோயாளிகளைச் சகிக்க முடியாமல் வைத்தியத்தை விட்டுச் செடிகளிடம் வந்தவர் அவர்.) "லெய்டன் நகர வாய்க்கால்களின் ஓரத்தில் அவர் குனிந்து பார்க்காத..." (இதுவும் வேண்டாம்.)

வரிகள் ஓடாததற்குக் காரணம் மேசைமேல் கிடக்கும் மரப்பலகை, அந்தப் புத்தகத்தில் படம் அச்சிடுவதற்காகச் செதுக்கியது. ஆகவே இது அந்தப் பலகையின் கதையாகிவிட்டது.

2

அதில் செதுக்கியிருப்பது இலையுதிர்காலத்தில் எங்கள் புல்வெளிகளில் வரும் ஊதாப்பூச் செடி. பூக்கும்போது அதற்கு இலை இருக்காது. வசந்தத்தில் இலை வரும்போது பூ இருக்காது. பலகையில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

வரைந்தவள் எங்கள் மகள் ஹில்லெகொண்ட். அக்டோபரில் பூவை வரைந்தாள். மார்ச்சில் அதே தாளில், அதே கிழங்கின்மேல் இலையை வரைந்தாள். அந்தக் கோடையில் கொள்ளைநோய் அவளைக் கொண்டுபோயிற்று.

கண் ஒரே சமயத்தில் பார்த்ததை மட்டுமே வரையவேண்டும் என்பது வோல்ஃபர்ட்டின் சட்டம். பிறர் புத்தகங்களில் இதே தவறைக் கண்டு ஊரறியச் சிரித்தவர். ஆனாலும் இந்தப் படத்தை அவரேதான் செதுக்கக் கொடுத்தார். இந்தக் குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார்.

3

(இந்த இடத்தில் எனக்கு அவரைப் புரியவில்லை.) தெரிந்து கொடுத்தாரா, கண்ணீரில் கவனிக்காமல் விட்டாரா?

ஒரு பேச்சு நினைவிருக்கிறது.

"என்னடி ஹில்லே, காகிதத்துல இவ்வளவு கஞ்சத்தனம்?"

"இன்னொரு தாள் கேட்டா திட்டுவீங்கப்பா. ஒரே செடிதானே, ஒரே வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்."

அவர் சிரித்தார். அல்லது சிரித்தது நான். அல்லது அந்தப் பேச்சே வேறொரு செடியைப் பற்றியது.

4

இன்று காலை, பலகை செதுக்கும் பாரெண்ட் வந்தார்.

"இலைய மட்டும் வழிச்சு எடுத்துடறேன்க்கா. இப்படியே அச்சுக்குப் போனா ஊர்ல இருக்கிற வைத்தியனெல்லாம் ஐயாவ நெனச்சுச் சிரிப்பான். அவர் சிரிச்ச சிரிப்புக்கு வட்டியும் சேத்து."

"எடுத்துட்டா திரும்ப ஒட்ட முடியுமா?"

"மரத்துல போனா போனதுதான்."

"அவ கடைசியா வரைஞ்சது அந்த இலைதான் பாரெண்ட்."

"தெரியும்க்கா. அதான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். இல்லேன்னா என் பட்டறையிலயே வழிச்சிருப்பேன்."

5

முதல் முடிவு: இலை போகிறது. வோல்ஃபர்ட்டின் பெயர் நிற்கிறது. மகளின் கை பாதி அழிகிறது.

இரண்டாவது: இலை இருக்கிறது. பெயர்...

(மூன்றாவதாக, "இரு பருவங்களில் வரைந்தது" என்று படத்துக்கு அடியில் ஒரு வரி போடலாம். அவர் தெரிந்தே செய்தார் என்று நான் சாட்சி சொன்னதாகிவிடும். எனக்குத்தான் தெரியாதே.)

பாரெண்டுக்கு ரொட்டியும் உப்புமீனும் வைத்திருக்கிறேன். உளியைப் பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார். நல்லவேளையாகப் பல் குறைந்தவர், மெதுவாகத்தான் மெல்லுகிறார். இதைப் படிக்கிறவர் யாராயிருந்தாலும், அவர் எழுந்திருப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

"எழுதி முடிச்சாச்சாக்கா?"

"இல்ல பாரெண்ட். இன்னொரு மீன் வெச்சுக்குங்க."