மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார் என்று பாதர் ஓலை வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம். இதுவரை ஒருத்தரும் எழும்பியதில்லை. எங்கள் பாலையூற்றுச் சனம் எதையும் கோயிலுக்கு வெளியேதான் கதைக்கும்.

எனக்குப் பேசிய மாப்பிள்ளை இக்னேசியசுக்கு வயது நாற்பத்தொன்பது. எனக்கு இரண்டு குறைவு. மனுசன் பிரான்சுப் படையில் பத்து வருஷம், அரபு நாடொன்றின் படையில் நாலு, கடைசியாக உக்ரைனில் இரண்டு. எந்த நாட்டுக்காகச் சண்டை பிடித்தீர்கள் என்று கேட்டால், "ஒப்பந்தத்துக்காக" என்பார். ஒன்றையும் இடையில் முறித்ததில்லை என்று பெருமை வேறு. முடிந்த கையோடு அடுத்த கொடிக்குக் கீழே போய் நிற்பதைப் பற்றி மூச்சு விடமாட்டார். கப்பல் வேலைக்குப் போன என் முதல் புருஷன் பெட்டியில்தான் திரும்பி வந்தார். இன்னொருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மூன்றாம் ஞாயிறுக்கு முதல்நாள் கலியாணக் கோட்டுக்கு அளவெடுக்க என் தையல் கடைக்கு வந்தார். கழற்றி ஆணியில் கொளுவிய சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதம் விழுந்தது. நாலாவது நாடொன்று இரண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கையெழுத்து போடும் இடம் மட்டும் வெறுமை. மடித்துப் பழையபடி வைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் கையிலிருந்த ஊசியாலேயே அவரைக் குத்தியிருப்பேன்.

மறுநாள் அவர் அதே சட்டையோடு கோயில் வாங்கில் உட்கார்ந்திருக்க, பாதர் ஓலையை வாசித்தார். "தடை ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைப் புரட்டினார்.

"ஓம் பாதர், எனக்குத் தெரியும்," என்று எழும்பினேன்.

"இன்பமலர், நீதானே பிள்ளை கலியாணப் பொம்பிளை!"

"அதாலதான் நல்லாத் தெரியும். இவரை இன்னொரு நாடும் கேட்டு வந்திருக்கு. கடிதம் சட்டைப் பைக்குள்ள கிடக்கு."

கோயில் முழுக்க அந்தப் பையைப் பார்த்தது. மூன்று படையில் பதுங்காத மனுசன் வாங்குக்குக் கீழே இடம் தேடினார்.

"நான் கையெழுத்து வைக்கேல்லை," என்றார்.

"கிழிக்கவும் இல்லையே?"

மெல்ல எழும்பினார். "அவங்கள் இரண்டு வருஷம் எண்டு எழுதித் தந்தவங்கள். நீங்கள் எவ்வளவு காலத்துக்கு எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

"சாகுமட்டும்!" என்று கத்தினேன். கோபத்தில்தான் தொடங்கினேன், பாழாய்ப்போன குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"லீவு?"

"கிடையாது."

கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு அணிவகுப்பில் நிற்கிறமாதிரி நிமிர்ந்து நின்று, "பாதர், எங்க கையெழுத்து வைக்கிறது?" என்றார்.